ஊர் சுற்றுவதை விடுங்கள், அந்த 300 யூரோவை நிறுத்துங்கள்

கேள்வி: நாங்கள் அமெரிக்கக் குடியுரிமை உள்ள தமிழ்க் குடும்பம். 2023 ஜனவரியில் கணவரின் வேலைக்காக டல்லாஸிலிருந்து மியூனிக் வந்தோம். அவர் ஒருவர்தான் சம்பாதிக்கிறார், பிடித்தம் போகக் கையில் 5,200 யூரோ, இரண்டு பிள்ளைகளுக்குமாக அரசு மாதாமாதம் தரும் கிண்டர்கெல்ட் 510 (2025 கணக்கு). மகளுக்கு 8 வயது, மகனுக்கு 5. பள்ளி லீவு விட்டால் எங்கேயாவது கிளம்பிவிடுவோம். வருடத்துக்கு 9,000 யூரோ இதற்கே போகிறது, அதில் பாதி டல்லாஸுக்கும் கோவைக்கும் போகும் விமான டிக்கெட். "ஊர் சுற்றியே காசைக் கரைக்கிறீர்கள்" என்கிறார் மாமியார். இங்கே ஓர் ஆன்லைன் புரோக்கரிடம் இரண்டு வருடமாக மாதம் 300 யூரோ இ.டி.எஃப்.பில் (பங்குச் சந்தையில் வாங்கி விற்கும் ஃபண்டு) போடுகிறோம். பயணத்தைக் குறைத்துக்கொண்டு அதை 600 ஆக்கலாமா? ஜெர்மனியில் வரி கட்டுகிறோம் என்பதால் அமெரிக்காவில் 2023, 2024 கணக்கைத் தாக்கல் செய்யவில்லை. போன டிசம்பரில் டல்லாஸ் போன விமானம் என்னவோ கோளாறு என்று ஏழு மணி நேரம் தாமதம், ஒரு நாளே வீண். மாதக் கணக்கு எழுதும் தாளையும் இணைத்திருக்கிறேன்.

பதில்: தாளைப் பார்த்தேன். காலி பாட்டில்களைக் கடை மெஷினில் போட்டுத் திரும்ப வாங்கிய பணம்கூட இருக்கிறது, "15 பாட்டில், 3.75 யூரோ" என்று. இவ்வளவு கவனமாக எழுதுகிறவர் 2,400 யூரோவைக் கோட்டை விட்டிருக்கிறீர்கள், அதற்குக் கடைசியில் வருகிறேன்.

முதலில் மாமியார் விஷயம். உங்கள் வருட வரவு 68,500 யூரோ சுமார். அதில் 9,000 என்றால் நூற்றுக்குப் பதின்மூன்று. மியூனிக் வாடகையையும் கட்டி, கடன் வாங்காமல், மாதம் 300 சேமித்துக்கொண்டு இதைச் செய்கிறீர்கள் என்றால் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. இங்கே இருக்கிற வரைதான் காலையில் ரயில் ஏறி மதியம் வெரோனாவில் சாப்பிட முடியும்.

இடிப்பது அந்த 300 யூரோதான்.

அமெரிக்கா, நீங்கள் எங்கே வசிக்கிறீர்கள் என்று பார்த்து வரி கேட்கிற நாடு இல்லை, பாஸ்போர்ட்டைப் பார்த்துக் கேட்கிற நாடு (இன்னொன்று எரித்திரியா). ஐரோப்பாவில் பதிவான இ.டி.எஃப்., மியூச்சுவல் ஃபண்டு எல்லாம் அவர்கள் கணக்கில் பி.எஃப்.ஐ.சி. (வெளிநாட்டு முதலீட்டுக் கம்பெனி) என்ற வகைக்குள் விழும். விற்கும்போது வந்த லாபத்தை நீங்கள் வைத்திருந்த நாள்களுக்குப் பிரித்து, முந்தைய வருடங்களின் பங்குக்கு உங்கள் வருமானம் என்னவாக இருந்தாலும் உச்ச விகிதத்தில், இப்போது 37 சதவீதம், வரி போட்டு, அதற்கு மேல் அந்தந்த வருடத்திலிருந்து வட்டியும் போடுவார்கள். ஒவ்வொரு ஃபண்டுக்கும் 8621 என்று தனி படிவம். பதினைந்து வருடம் கழித்து மகளின் படிப்புக்கு என்று எடுக்கப் போனால், லாபத்தில் எவ்வளவு மிஞ்சும் என்று நினைத்துப் பாருங்கள். படிவம் நிரப்ப ஆலோசகர் வாங்கும் கட்டணம் தனி.

நல்ல வேளை, நீங்கள் போட்டது இன்னும் 7,200 யூரோதான். லாபம் 900 இருக்கிறது என்று தாளில் தெரிகிறது. இப்போதே விற்றால் அமெரிக்காவுக்குப் போவது அதிகம் போனால் 300, 350. ஜெர்மனியில் தம்பதிக்கு வருடம் 2,000 யூரோ வரை முதலீட்டு வருமானத்துக்கு விலக்கு இருப்பதால் அந்தப் பக்கம் ஒன்றும் இல்லை. முள் சின்னதாக இருக்கும்போதே எடுத்துவிடுவது நல்லது.

"சரி, அமெரிக்க இ.டி.எஃப். வாங்கிக்கொள்கிறேன்" என்பீர்கள். அதற்கு ஐரோப்பா விடாது. 2018 முதல் இங்கே ஒரு ஃபண்டைச் சாதாரண முதலீட்டாளருக்கு விற்க வேண்டுமென்றால் குறிப்பிட்ட வடிவத்தில் விவரத் தாள் தர வேண்டும், அமெரிக்க ஃபண்டுகள் அதைத் தருவதில்லை. அங்கே போனால் இங்கே இடிக்கும், இங்கே வந்தால் அங்கே இடிக்கும். சிலர் டல்லாஸில் இருக்கும் அண்ணன் வீட்டு விலாசத்தைப் புரோக்கரிடம் கொடுத்துவிட்டு வாங்குகிறார்கள். வேண்டாம். கண்டுபிடித்தால் கணக்கையே மூடச் சொல்வார்கள், அதுவும் மார்க்கெட் விழுந்து கிடக்கும் நாளாகப் பார்த்து.

நேர்வழி கொஞ்சம் அலுப்பானது: வட்டி தரும் சேமிப்புக் கணக்கு, அல்லது தனித்தனிக் கம்பெனிப் பங்குகள். தனிப் பங்குகளுக்கு இந்தச் சிக்கல் இல்லை. அமெரிக்க வேலையில் ஓய்வுக்காலத்துக்குச் சேர்த்த பழைய 401(கே) பணம் இருந்தால் அதைத் தொடாதீர்கள். கோவையில் உங்கள் பேரிலோ கணவர் பேரிலோ மியூச்சுவல் ஃபண்டு எஸ்.ஐ.பி. ஓடினால் அதுவும் இதே பி.எஃப்.ஐ.சி.தான். இதைச் சொன்னால் நம்மவர்கள் பாதிப் பேர் "அது இந்தியாவில்தானே இருக்கிறது" என்பார்கள்.

அடுத்தது தாக்கல் செய்யாத கணக்கு. பயப்படுவீர்கள் என்று தெரியும், ஆனால் இதில் நீங்கள்தான் பணத்தை விட்டிருக்கிறீர்கள். ஜெர்மனியில் கட்டுகிற வரி அமெரிக்க வரியை விட அதிகம். அந்த வரியைக் கழித்துக்கொள்ளும் முறையில் தாக்கல் செய்தால் அங்கே கட்ட வேண்டியது பூஜ்யம், அதற்கு மேல் பிள்ளைகளுக்கான வரிக் கிரெடிட்டில் கையில் திரும்பத் தரும் பகுதி வரும். 2023-க்குத் தலைக்கு 1,600 டாலர், 2024-க்கு 1,700 வரை. இரண்டு பிள்ளைக்கும் சேர்த்து 6,600 டாலர். பிள்ளைகளுக்கு சோஷியல் செக்யூரிட்டி எண் இருக்க வேண்டும், மூன்று வருடத்துக்குள் கேட்டாக வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. வெளிநாட்டுச் சம்பளத்தை மொத்தமாக விலக்கிவிடும் வழியும் உண்டு, 2024-க்கு 1,26,500 டாலர் வரை. சாஃப்ட்வேரில் அதுதான் முதலில் கண்ணில் படும், சுலபமாகவும் இருக்கும். அதை எடுத்தால் மேலே சொன்ன 6,600-இல் ஒரு டாலர் வராது.

எஃப்பார் என்ற அறிக்கை தனி. வெளிநாட்டுக் கணக்குகள் எல்லாம் சேர்ந்து வருடத்தில் ஒரு நாளாவது 10,000 டாலரைத் தாண்டியிருந்தால் அனுப்ப வேண்டும். மியூனிக் சம்பளக் கணக்கு, புரோக்கர் கணக்கு, கோவையில் வெளிநாடு வாழ் இந்தியருக்கான என்.ஆர்.இ. டெபாசிட், உங்கள் பெயரில் இருந்தால் வீட்டு அட்வான்ஸ் போட்டு வைத்த கணக்குகூட. என்.ஆர்.இ. வட்டிக்கு இந்தியாவில்தான் வரி கிடையாது, மற்ற இரண்டு நாட்டிலும் காட்ட வேண்டும். வேண்டுமென்றே மறைக்காதவர்களுக்கு ஸ்ட்ரீம்லைன்ட் என்று ஒரு வழி இருக்கிறது: மூன்று வருட வரிக் கணக்கு, ஆறு வருட எஃப்பார், தெரியாமல் நடந்தது என்று ஒரு விளக்கம், அபராதம் இல்லை. அமெரிக்க வரித் துறையே விசாரணை தொடங்கிய பிறகு இந்த வழி கிடைக்காது. இரு நாட்டு வரியும் தெரிந்த ஒருவரைப் பிடியுங்கள். செலவாகும், அந்த 6,600-இல் கொடுத்துவிட்டு மிச்சம் இருக்கும்.

பயணத்தில் குறைக்கத்தான் வேண்டும் என்றால் பவேரியாவின் பள்ளி நாள்காட்டியைப் பாருங்கள். இங்கே கோடை விடுமுறை செப்டம்பர் பாதி வரை ஓடுகிறது, மற்ற மாநிலங்களில் பெரும்பாலும் அதற்குள் பள்ளி திறந்துவிடும், அந்த இரண்டு வாரம் இத்தாலிக் கடற்கரையில் அறை வாடகை இறங்கும். டிக்கெட் மலிவு என்று லீவுக்கு முந்தின நாளே கிளம்பும் பழக்கம் வேண்டாம், மெம்மிங்கன் விமான நிலையத்தில் பள்ளி வயதுப் பிள்ளைகளைப் போலீஸே நிறுத்திக் கேட்டிருக்கிறது. சால்ஸ்பர்க்குக்கு டாய்ச்லாண்ட் டிக்கெட் (மாதாந்திர ரயில் பாஸ்) செல்லும், ஆனால் அதில் 8 வயது மகள் சேர மாட்டாள். பயர்ன் டிக்கெட் (பவேரியாவின் ஒரு நாள் ரயில் டிக்கெட்) எடுத்தால் பிள்ளைகள் இருவரும் சும்மா வரலாம். அப்புறம், பிராகில் ஏ.டி.எம். "யூரோவில் கணக்கிடவா" என்று கேட்டால் வேண்டாம் என்று அழுத்துங்கள்.

இப்போது அந்த 2,400. ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து கிளம்பும் விமானம், எந்த நாட்டுக் கம்பெனியாக இருந்தாலும், 3,500 கிலோமீட்டருக்கு மேல் போகிறது, போய்ச் சேர நான்கு மணி நேரத்துக்கு மேல் தாமதம் என்றால் ஆளுக்கு 600 யூரோ இழப்பீடு. டிக்கெட் எடுத்த பிள்ளைகளுக்கும் உண்டு. புயல், பனி மாதிரிக் காரணம் என்றால் கிடைக்காது, சாதாரண இயந்திரக் கோளாறு என்றால் தட்டிக்கழிக்க முடியாது. முதல் கடிதத்துக்குக் கூப்பன் தருகிறோம் என்பார்கள், பணமாகத்தான் வேண்டும் என்று எழுதுங்கள். ஜெர்மனியில் இதற்கு, சம்பவம் நடந்த வருடம் முடிந்ததிலிருந்து மூன்று வருடம் அவகாசம் இருக்கிறது. போர்டிங் பாஸைத் தூக்கிப் போடவில்லையே?