கதைப் புத்தகத்துக்கு எப்படி ஸ்டிக்கர் ஒட்டுவது?

அன்புள்ள ஐயா,

தொடக்கப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு எடுக்கிறேன். வகுப்பு நூலகத்தில் உள்ள கதைப் புத்தகங்களை எளிது, நடுத்தரம், கடினம் என்று பிரித்து ஸ்டிக்கர் ஒட்ட நினைத்தேன். இணையத்தில் கிடைத்த ஒரு கருவியில் போட்டுப் பார்த்தால், ஒன்றாம் வகுப்புக் கதைக்கே 'பட்டதாரிகளுக்கு உரியது' என்று வருகிறது. தமிழ் அவ்வளவு கடினமா? இன்னொரு சந்தேகம். பாடத்துக்குக் கீழே உள்ள கேள்விகளுக்குச் சரியாகப் பதில் எழுதும் பிள்ளைகள், கதையைச் சொல்லச் சொன்னால் விழிக்கிறார்கள். ஏன்?

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள டீச்சர்,

தமிழ் மேல் தப்பில்லை. அந்தக் கருவிக்குள் இருப்பது அநேகமாக ருடால்ஃப் ஃபிளெஷ் 1948-இல் ஆங்கிலத்துக்காகச் செய்த சூத்திரம், அல்லது அதன் வாரிசு. வாக்கியத்துக்குச் சராசரியாக எத்தனை சொல், சொல்லுக்கு எத்தனை அசை என்று இரண்டை மட்டும் அது எண்ணும். (யாப்பில் வரும் அசை இல்லை; வாயில் ஒரு தட்டாக வரும் ஒலித்துண்டு.) பெரும்பாலும் 0 முதல் 100 வரை மதிப்பெண் வரும். குறையக் குறையக் கடினம்.

இதைப் பாருங்கள்: 'பள்ளிக்கூடத்திலிருந்து திரும்பிக்கொண்டிருந்தவர்களுக்காகப் பாட்டி பணியாரம் சுட்டுக்கொண்டிருந்தாள்.' ஐந்தே சொல். ஆனால் 32 அசை. சூத்திரத்தில் போட்டால் கிட்டத்தட்ட மைனஸ் 340! ஆறு வயதுப் பிள்ளை இதைக் கேட்டால் பணியாரம் எங்கே என்றுதான் கேட்கும். ஆங்கிலம் தனித்தனிச் சொல்லாக வைப்பதையெல்லாம் நாம் விகுதியாகவும் உருபாகவும் ஒட்டிவிடுகிறோம். எண்ணுகிற கருவிக்கு அது தெரியாது.

இப்போது இது: 'அவன் வந்தான். அவள் எழுந்தாள். விளக்கு அணைந்தது. யாரும் சாப்பிடவில்லை.' மைனஸ் 38 வருகிறது. முந்தையதைவிட எத்தனையோ மடங்கு எளிது என்கிறது சூத்திரம். ஆனால் அந்த வீட்டில் என்ன நடந்தது என்று உங்கள் வகுப்பில் எத்தனை பேர் சொல்வார்கள்?

கடினத்தில் பாதி படிப்பவரிடம் இருக்கிறது. 1988-இல் அமெரிக்காவில் டோனா ரெக்ட், லாரன் லெஸ்லி இருவரும் 64 மாணவர்களுக்கு ஒரு பேஸ்பால் ஆட்டத்தை விவரிக்கும் பகுதியைக் கொடுத்துப் பார்த்தார்கள். வாசிப்பில் பின்தங்கியவர்கள் என்று பெயர் வாங்கியிருந்தாலும் ஆட்டம் தெரிந்த பிள்ளைகள், நன்றாகப் படிக்கத் தெரிந்து ஆட்டம் தெரியாதவர்களைவிட நன்றாகவே புரிந்துகொண்டிருந்தார்கள். கபடி ஆடுகிற உங்கள் கடைசி பெஞ்சுப் பையனிடம் ஒரு கபடிக் கதையைக் கொடுத்துப் பாருங்கள்.

சரி, இரண்டாவது சந்தேகம். 'ஒரு கிமுளி சாயங்காலம் துவரக்கில் மிலாவைப் பிமிட்டியது.' கிமுளி எதைப் பிமிட்டியது? மிலாவை. எங்கே? துவரக்கில். மூன்றாவதாக எப்போது என்று கேட்டாலும் பதில் வரும், முழு மார்க்கும் வரும். இதில் புரிய ஒன்றுமே இல்லை; வேற்றுமை உருபே விடையைக் கையில் கொடுத்துவிடுகிறது. நம் பாடங்களில் வரும் பல வினாக்கள் இந்த ரகம்தான். பிள்ளைகளைக் குறை சொல்லாதீர்கள்.

அப்புறம் என்ன செய்யலாம்? 1953-இல் வில்சன் டெய்லர் ஒரு வழி சொன்னார். ஒரு பகுதியில் ஐந்து சொல்லுக்கு ஒன்றாக அழித்துவிட்டுப் படிப்பவரை நிரப்பச் சொல்வது. நோட்ஸில் வரும் 'கோடிட்ட இடத்தை நிரப்புக' வேறு. அது மனப்பாடத்தைச் சோதிப்பது. இது பிள்ளை பார்த்திராத கதையில் செய்வது. ஆங்கிலத்தில் பல கோடுகள் சின்னச் சின்ன இணைப்புச் சொற்களில் விழுந்து எளிதாகிவிடும். தமிழில் அநேகமாக ஒவ்வொரு கோடும் கனமான சொல்லில் விழும். அதனால் நான் பத்துச் சொல்லுக்கு ஒன்றுதான் அழிப்பேன்.

போன வருஷம் ஒரு கிராம நூலகத்தில் இப்படிச் செய்தேன். 'தாத்தா கயிற்றை இழுத்தார். வாளி ______. அவர் குனிந்து எட்டிப் பார்த்தார்.' கதையில் இருந்த சொல் 'கனத்தது'. ஒரு பையன் 'வரவில்லை' என்று எழுதினான். ஏன்டா என்றேன். "வந்திருந்தா எதுக்குங்க எட்டிப் பார்க்கணும்?" என்றான். டெய்லர் கணக்குப்படி மூலத்தில் இருந்த அதே சொல் வந்தால்தான் மார்க். நான் அவனுக்கு முழு மார்க் போட்டேன்.

உங்கள் நாற்பது பிள்ளைகளில் ஐந்து பேரிடம் ஒவ்வொரு புத்தகத்திலும் ஒரு பக்கத்தை இப்படிக் கொடுங்கள். ஏன் அந்தச் சொல் என்று கேளுங்கள். நேரம் பிடிக்கும்தான். ஸ்டிக்கரை அதற்குப் பிறகு ஒட்டலாம். அதுவும் பென்சிலில் எழுதி ஒட்டுங்கள், அடுத்த வருஷப் பிள்ளைகள் வேறு.

அன்புடன்.