அடுப்படி கேள்வி பதில்: ஸ்லைசரும் கடைசி ஒரு இஞ்சும்

போன இதழ்ல வாழைக்காய் சிப்ஸ் குறிப்புல "ஸ்லைசரை வெச்சு நேரா எண்ணெய்க்குள்ளயே சீவிடுங்க"ன்னு ஒரே ஒரு வரி எழுதினேன். அதுக்கு வந்த கேள்விகள்ல முக்கால்வாசி சிப்ஸைப் பத்தி இல்ல, ஸ்லைசரைப் பத்தி. ரெண்டு பேர் நல்லா திட்டியும் இருக்காங்க, கொதிக்கிற எண்ணெய்க்கு மேல கையை நீட்டச் சொல்றியே, உனக்கே நியாயமான்னு. திட்டினது சரிதான், அதுக்கும் கீழ பதில் இருக்கு.

அக்கா, தள்ளுவண்டியில 80 ரூபாய்க்கு பிளாஸ்டிக் ஸ்லைசர் விக்கிறாங்க, பாத்திரக்கடையில மரக்கட்டையில பிளேடு வெச்சது இருக்கு, ஆன்லைன்ல பத்து பிளேடோட 1,500 ரூபாய்க்கு ஒண்ணு காட்டுது. எதை வாங்கறது? வீட்டுல நாலு பேரு. (வாசகி, மதுரை)

பத்து பிளேடு செட்டை முதல்ல மறந்துடும்மா. நானும் ஆசைப்பட்டு வாங்கினவதான், அதுல நான் தொட்டது ரெண்டே ரெண்டு, சாதா பிளேடும் நீட்டுநீட்டா சீவுறதும். மத்த எட்டும் டிராயருக்குள்ள கெடந்து, கரண்டி தேடி கையை விடுறவங்களை எல்லாம் கீறிட்டிருந்துச்சு.

வாங்கும்போது பார்க்க வேண்டியது பிளேடு எந்த வாக்குல உட்கார்ந்திருக்குன்னுதான். கட்டைக்குக் குறுக்க நேர்கோடா இருந்தா காய் மொத்தமும் ஒரே நேரத்துல பிளேடுல மோதும், அப்ப அழுத்தித் தள்ளணும், அழுத்துனா வழுக்கும், வழுக்குனா விரல். பிளேடு சாய்வா இருந்தா ஒரு ஓரத்துல ஆரம்பிச்சு அறுத்துக்கிட்டே போகும், பாதி பலம் போதும். 'வி' மாதிரி ரெண்டு பக்கமும் சாஞ்சிருக்குறது தக்காளி, முட்டைக்கோஸுக்கெல்லாம் இன்னும் நல்லாருக்கும். அப்புறம் கனத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு திருகு இருக்கணும். ஒரே கனத்துல மட்டும் சீவுறதை வாங்கினா சிப்ஸுக்கு ஆகும், வத்தலுக்கு ஆகாது, கடைசியில பரண்லதான் போய் உட்காரும்.

கடையிலயே ஒரு சோதனை பண்ணிப் பாருங்க. ஏடிஎம் கார்டு எல்லா பேங்க்லயும் ஒரே கனம், 0.76 மில்லிமீட்டர். ரெண்டு கார்டைச் சேர்த்துப் பிடிச்சா சுமார் ஒன்றரை மில்லிமீட்டர், வீட்டு சிப்ஸுக்கு அதுதான் அளவு. காயை வெச்சுத் தள்ளுற பலகை இருக்கு பாருங்க, அதுக்கும் பிளேடு முனைக்கும் எவ்வளவு உயர வித்தியாசமோ அதுதான் துண்டோட கனம். திருகைத் திருகி அந்த வித்தியாசம் ரெண்டு கார்டு கனத்துக்கு வருதான்னு பக்கத்துல வெச்சுப் பாருங்க, இடது ஓரத்துலயும் வலது ஓரத்துலயும் ஒரே மாதிரி இருக்கான்னும் பாருங்க (கார்டை பிளேடு மேல தேய்க்காதீங்க, அப்புறம் பணம் எடுக்க முடியலன்னு எனக்குத்தான் லெட்டர் வரும்). அப்புறம் ரெண்டு முனையையும் பிடிச்சு லேசா முறுக்குங்க. வளைஞ்சுதுன்னா வெச்சுட்டு வந்துடுங்க, சேனைக்கிழங்கை வெச்சு அழுத்துற அன்னிக்கு அது நடுவுல படக்குன்னு உடையும். 80 ரூபாய் வண்டிச் சரக்குல எனக்குப் பயம் இதுதான், பிளேடு கூர்மையில ஒண்ணும் கொறை சொல்ல முடியாது.

செராமிக் பிளேடு போட்டதும் வருது. துருப்பிடிக்காது, வாழைக்காயைக் கருக்காது, ரொம்ப நாள் கூர்மை நிக்கும், ஆனா கீழ போட்டா விளிம்புல சில்லு பேர்ந்துடும், வீட்டுல தீட்டவும் முடியாது. கைதவறிப் போடுற பழக்கம் இருந்தா வேணாம். உங்க வீட்டுக்கு எவர்சில்வர் பிளேடு, சாய்வு, திருகு, சேஃப்டி ஹோல்டர் (காயைக் குத்திப் பிடிக்கிற முள்ளு மூடி), இந்த நாலும் இருக்குற மிடில் ரேஞ்சுல ஒண்ணு போதும்.

மேடம், நான் தனியா ரூம் எடுத்து சமைக்கிறேன். ஸ்லைசர் வாங்கி மூணு மாசத்துல ரெண்டு தடவை விரல் நுனியை சீவிக்கிட்டேன். எனக்கு மட்டும்தான் இப்படியா? (வாசகர், கோயம்புத்தூர்)

உங்களுக்கு மட்டும் இல்ல தம்பி. என் வலது கட்டைவிரல்ல அரை பட்டாணி அளவுக்கு ஒரு பள்ளம் இருக்கு, நாத்தனார் நிச்சயதார்த்தத்துக்கு மொத நாள் வெள்ளரிக்காய் சீவிட்டே யாருக்கோ பதில் சொல்லித் திரும்பினேன், அவ்வளவுதான். வலி அப்ப தெரியவே இல்ல, வெள்ளரிக்காய் ஏன் செவப்பா வருதுன்னுதான் பார்த்தேன்.

கேட்டுப் பாருங்க, ஸ்லைசர்ல அடிபட்டவங்க எல்லாரும் ஒரே கதையைத்தான் சொல்வாங்க, கடைசி ஒரு இஞ்ச் காய். மொதல்ல காய் நீளமா இருக்கும், கை தூரத்துல இருக்கும், சர்ரு சர்ருன்னு போகும், கைக்கு ஒரு தாளம் வந்துடும். காய் குட்டையானது கைக்குத் தெரியாது, அது பழைய தாளத்துலயே போயிட்டிருக்கும். அதனால அந்தக் கடைசித் துண்டை சீவாதீங்க, அவ்வளவுதான் விஷயம். அதை எடுத்து கத்தியில நறுக்கி சாம்பார்ல போடுங்க. கத்திரிக்காயோ உருளையோ முழு இஞ்ச் வீணாகுதேன்னு தோணும், வீணாகல, குழம்புக்குள்ளதான் போகுது.

அதையும் சீவியே ஆகணும்னா கூட வர்ற ஹோல்டரைப் போடுங்க. அந்த முள்ளு வெச்ச மூடியை முக்காவாசிப் பேர் டப்பாவோட தூக்கிப் போட்டுடுறோம். தொலைச்சுட்டீங்கன்னா முள்கரண்டியை காயோட தலையில நல்லா ஆழமா குத்தி, அந்தக் காம்பைப் பிடிச்சுத் தள்ளுங்க, முள்ளு பிளேடுல படுறதுக்கு முன்னாடி நிறுத்திடுங்க. வெறுங்கையிலதான் பண்ணுவேன்னா உள்ளங்கையைத் தட்டையா வெச்சு, அஞ்சு விரலையும் மேல தூக்கிக்கிட்டு தள்ளணும். நுனி விரலால காயைக் கிள்ளிப் பிடிக்கிறதுதான் ஆபத்து. கையை வெட்டாத கிளவுஸ்னு ஆன்லைன்ல கெடைக்குது, துணி மாதிரியே இருக்கும், தனியா சமைக்கிற உங்களுக்கு அது நல்ல செலவு. ஆனா அதுவும் கீறலைத்தான் தடுக்கும், வேகமா பாய்ஞ்சா தடுக்கும்னு நம்பாதீங்க.

இன்னொண்ணு, ஸ்லைசரைக் கையில தூக்கிப் பிடிச்சு சீவுறதை விட, ஒரு முனையை அகலமான பாத்திரத்தோட விளிம்புல மாட்டி, கீழ ஈரத்துணி போட்டுட்டு சீவுங்க. உருண்டையான காயா இருந்தா மொதல்ல ஒரு பக்கம் கத்தியால தட்டையாக்கிட்டு அந்தப் பக்கத்தை கீழ வெச்சு ஆரம்பிங்க, உருளாது.

அப்படியும் வெட்டிக்கிட்டா காபித்தூள், மஞ்சத்தூள், சர்க்கரை எதையும் அப்பாதீங்க, அப்புறம் அதைக் கழுவி எடுக்கிறதுக்கு டாக்டர் படுற பாடு இருக்கே. ஓடுற தண்ணியில கழுவிட்டு சுத்தமான துணியால 10 நிமிஷம் விடாம அமுக்கிப் பிடிங்க, நடுநடுவுல நின்னுடுச்சான்னு தொறந்து பார்க்கக் கூடாது, கையை நெஞ்சு உயரத்துக்கு மேல தூக்கி வைங்க. அதுக்கப்புறமும் நிக்கலன்னாலோ, சதையே போயிருந்தாலோ, விரல் மரத்துப் போன மாதிரி இருந்தாலோ நேரா ஆஸ்பத்திரி. டெட்டனஸுக்குப் போடுற டிடி ஊசி எப்ப போட்டீங்கன்னு ஞாபகம் இல்லன்னா அதையும் அங்க சொல்லுங்க.

அந்த எண்ணெய் விஷயமும் இங்கயே சொல்லிடுறேன். சிப்ஸ் கடை மாஸ்டருங்க எண்ணெய்க்கு மேல நேரா சீவுறாங்கன்னா அவங்க கட்டை முழம் நீளம், சட்டி அகலம், கைக்கு வருஷக்கணக்குல பழக்கம். நம்ம வாணலியும் நம்ம கையகல ஸ்லைசரும் அதுக்கு ஆகாது. ஒரு தட்டுல சீவி வெச்சு, ஒட்டாம உதுத்து, ஓரமா எண்ணெய்ல சறுக்கி விடுங்க. நான் அன்னிக்கு எழுதினது தப்பு.

மாமியாரோட மாமியார் காலத்து சீவுகட்டை பரண்ல கெடைச்சுது. மரம் தேக்குன்னு சொல்றாங்க, பிளேடு முழுக்க துரு. சரி பண்ணலாமா, ஷோகேஸ்ல வெச்சுடலாமா? (வாசகி, ஸ்ரீரங்கம்)

ஷோகேஸா! எடுத்து வேலை வாங்குங்கம்மா. பழைய கட்டையில வர்றது பெரும்பாலும் இரும்பு பிளேடு, துருப்பிடிக்குமே தவிர தீட்டினா அது ஏத்துக்குற கூர்மை இப்ப வர்ற தகடுக்கு வராது.

மொதல்ல ஸ்க்ரூ கழட்ட வருதான்னு பாருங்க. மக்கர் பண்ணா ரெண்டு சொட்டு தேங்காய் எண்ணெய் விட்டு ராத்திரி பூரா வெச்சுட்டு காலையில திருகுங்க. கழட்டின பிளேடை கெட்டிப் புளிக்கரைசல்ல கொஞ்ச நேரம் போட்டு உப்பு தூவி தேங்காய் நார்ல தேய்ச்சா துரு விடும், புளிப்புதான் துருவைக் கரைக்குது, பித்தளைக்குப் பண்ற அதே வேலைதான். கழுவி உடனே துடைச்சு அடுப்புப் பக்கத்துல காய வைங்க. விளிம்புல குழி குழியா அரிச்சிருந்தா மட்டும் புது பிளேடு மாத்திக்குங்க.

சாணை பிடிக்கிறவர் தெருவுல வந்தா கொடுக்கலாம், ஆனா பக்கத்துலயே நின்னு ஒண்ணு சொல்லணும்: இந்த பிளேடுக்கு ஒரு பக்கம்தான் சரிவு, இன்னொரு பக்கம் தட்டை. சரிவுப் பக்கம் மட்டும் தீட்டணும், தட்டைப் பக்கத்துல பிசிறு போக ஒரு இழுப்பு போதும். கத்தி மாதிரி ரெண்டு பக்கமும் தீட்டிட்டாருன்னா பிளேடு காயைக் கவ்வாம மேலயே வழுக்கிட்டுப் போகும். திரும்ப மாட்டும்போது கனம் சரியா வரலன்னா பிளேடுக்கும் மரத்துக்கும் நடுவுல கல்யாணப் பத்திரிகை அட்டையை கீத்து கீத்தா வெட்டி வெச்சு ஏத்தலாம். எங்க பாட்டி கட்டையில எந்தக் கல்யாணமோ, பாதி முகூர்த்த நேரம் எட்டிப் பார்த்துட்டே இருக்கும்.

மரத்தைத் தண்ணியில ஊற விடாதீங்க, ஊதும், காயும்போது வெடிக்கும். ஈரத்துணியால துடைச்சு நிழல்ல நிறுத்தி வைங்க, எடுத்து வைக்கிறதுக்கு முன்னாடி பிளேடுல தேங்காய் எண்ணெய் ஒரு தடவல். வாழைக்காய் இந்தக் கட்டையில கொஞ்சம் கருக்கத்தான் செய்யும், காய்ல இருக்குற துவர்ப்பும் இரும்பும் சேர்ந்தா கருப்பு. சீவச் சீவ மோர் கலந்த தண்ணியில போட்டுட்டா ரொம்பத் தெரியாது. கறை பிசுபிசுப்புக்கு கையிலயும் பிளேடுலயும் நல்லெண்ணெய் தடவிட்டு ஆரம்பிங்க.

உருளைக்கிழங்கு சிப்ஸ் ஒரே கனமா அழகா சீவினாலும் பொரிச்சா திட்டுத்திட்டா பிரவுன் ஆயிடுது, மொறுமொறுப்பும் இல்ல. ஸ்லைசர் மாத்தணுமா? (வாசகி, திண்டுக்கல்)

ஸ்லைசர் பாவம், அதை விட்டுடுங்க. கிழங்கை ஃபிரிட்ஜ்ல வெச்சீங்களா? குளிர்ல உருளையோட மாவுச்சத்து சர்க்கரையா மாறும், அந்த சர்க்கரைதான் எண்ணெய்ல சட்டுனு செவந்து போகுது, உள்ள வேகறதுக்குள்ள மேல கருகுது. வெளிய கூடையில, வெளிச்சம் படாத இடத்துல வைங்க. ஏற்கனவே ஃபிரிட்ஜ்ல இருந்ததை ஒரு வாரம் பத்து நாள் வெளிய வெச்சா ஓரளவு சரியாகும். சீவினதும் தண்ணி தெளியுற வரைக்கும் மூணு நாலு தடவை அலசி, துணியில பரப்பி ஈரம் போக ஒத்தி எடுங்க, அந்த மாவு இருந்தா ஒண்ணோட ஒண்ணு ஒட்டி நமுத்துடும்.

கேரட் சீவி சீவி வெள்ளை ஸ்லைசர் ஆரஞ்சா ஆயிடுச்சு, நீட்டுநீட்டா சீவுற பல்லுக்குள்ள நாரும் மாட்டிக்குது. (வாசகர், புதுச்சேரி)

கேரட் கறை தண்ணிக்கு அசையாது, எண்ணெய்லதான் கரையும். பஞ்சுல கொஞ்சம் சமையல் எண்ணெய் தொட்டு துடைச்சுட்டு அப்புறம் சோப்பு போட்டுப் பாருங்க, விட்டுடும். பல்லுக்கு பழைய டூத்பிரஷ், உள்ளயிருந்து வெளிப்பக்கமா தள்ளணும், விரலால நோண்ட வேணாம். சீவி முடிச்ச கையோட கழுவிட்டா ரெண்டு நிமிஷ வேலை, காஞ்சுட்டா அரை மணி நேரம். கம்பி நாரு போடாதீங்க, பிளேடு முனை மழுங்கும். முக்கியமா சிங்க்ல மத்த பாத்திரத்தோட போடவே போடாதீங்க, நுரைக்குள்ள பிளேடு கண்ணுக்குத் தெரியாது.

அம்மாவுக்கு 71 வயசு, அருவாமனையில உட்கார்ந்து நறுக்குறதைப் பார்த்தா பயமா இருக்கு. ஸ்லைசர் வாங்கித் தரட்டுமா? (வாசகி, நாகர்கோவில்)

அம்மாவுக்கு பயமா இருக்கா, உங்களுக்கு பயமா இருக்காம்மா? அருவாமனையில பிளேடு அசையாது, ரெண்டு கையும் காயைப் பிடிச்சிருக்கும், அம்பது வருஷமா அந்தக் கைக்கு அது தெரியும். இந்த வயசுல புதுசா ஒரு தாளத்தைப் பழக்குறதுதான் எனக்கு ஆபத்தாத் தெரியுது. கீழ உட்கார்ந்து எழுந்திருக்க முட்டி வலின்னா, மேஜையில கிளாம்ப் போட்டு நிக்குற மாதிரி அருவாமனை கெடைக்குது, அதைப் பாருங்க. கை நடுக்கம் இருந்தா மட்டும் ரெண்டையும் எடுத்து வெச்சுடலாம், காய் ஆயுற வேலையைக் கொடுங்க.

பிளேடு மழுங்கிப் போச்சுன்னா எப்படித் தெரியும்? பழைய பிளேடை என்ன பண்றது? (வாசகி, தாம்பரம்)

பழுத்த தக்காளியை வைங்க. தோலைக் கிழிச்சு நசுக்குச்சுன்னா போச்சு. பிளேடு மட்டும் தனியா மாத்துற மாடலா இருந்தா அதை மட்டும் வாங்குங்க, இல்லன்னா முழுசாத்தான் மாத்தணும், மழுங்கினதை வெச்சு அழுத்தி அழுத்தி சீவாதீங்க.

பழசை அப்படியே குப்பையில போட்டுடாதீங்க. நாலஞ்சு மடிப்பு பேப்பர்ல சுத்தி, டேப் ஒட்டி, மேல ஸ்கெட்ச் பேனாவால 'பிளேடு'ன்னு பெருசா எழுதி, குப்பை வாங்க வர்றவங்க கையில சொல்லிக் கொடுங்க. எங்க தெருவுக்கு வர்ற அக்காகிட்ட நான் அப்படிக் கொடுத்தப்ப வாங்கி வண்டியோட முன்பக்கம் தனியா வெச்சுக்கிட்டு, "இப்படி யாரும்மா சொல்லிக் குடுக்குறா"ன்னுட்டு உள்ளங்கையைக் காட்டினாங்க, நாலு தையல்.