குதிகால் வலிச்சா விளையாட்டை நிறுத்தணுமா?

கேள்வி: டாக்டர், என் பையனுக்கு 12 வயசு, ஃபுட்பால் ஆடுறான். ரெண்டு மாசமா குதிகால் வலிக்குதுங்கிறான், பிராக்டிஸ் முடிஞ்சா நொண்டிக்கிட்டே வர்றான், ஓய்வா இருந்தா சரியாயிடுது. வளர்ற வயசு வலிதான், கண்டுக்காதீங்கன்னு சொல்றாங்க. விளையாட்டை நிறுத்திடவா?

பதில்: கண்டுக்காம மட்டும் விடாதீங்கம்மா, அவனுக்கு நிஜமாவே வலிக்குது. இந்த வயசுல குதிகால் எலும்போட பின்பக்கம் ஒரு வளர்ச்சித் தட்டு இருக்கும், அது இன்னும் முழுசா எலும்பாகாம குருத்தெலும்பாத்தான் இருக்கும், கெண்டைக்கால் தசையோட நாண் வந்து சேர்றதும் சரியா அந்த இடத்துலதான், பையன் திடுதிடுன்னு வளரும்போது எலும்பு நீளுற வேகத்துக்கு தசை ஈடுகொடுக்காம இறுகிடும், அதோட ஓடுறதும் குதிக்கிறதும் சேர்ந்தா அந்தத் தட்டு நொந்துபோகுது. செவர்ஸ் டிசீஸ்னு பேரு, பேரைக் கேட்டு பயப்படாதீங்க, தட்டு எலும்போட சேர்ந்ததும் தானா போயிடும், பெரும்பாலும் 15 வயசுக்குள்ள.

குதிகாலை ரெண்டு பக்கமும் கையால சேர்த்து அமுக்கிப் பாருங்க. துடிச்சான்னா அநேகமா இதுதான். எக்ஸ்ரே பல நேரம் தேவையே இல்ல, எடுத்தாலும் இந்த வயசுல அந்தத் தட்டு துண்டு துண்டாத் தெரியிறது சகஜம், அதைப் பார்த்து உடைஞ்சிருச்சுன்னு கலங்காதீங்க.

முழுசா நிறுத்த வேண்டாம், குறைங்க. நொண்ட வைக்கிற அளவு ஓடுறதும் குதிக்கிறதும் கொஞ்ச வாரம் வேண்டாம், நீச்சல், சைக்கிள் ஓகே. ஷூவுக்குள்ள குதிகால் ஜெல் பேட் ரெண்டு கால்லயும் வைங்க, ஆடி முடிச்சதும் துணில சுத்தி 15 நிமிஷம் ஐஸ், தினமும் கெண்டைக்கால் ஸ்ட்ரெச். இந்த ஸ்ட்ரெச்சைத்தான் நிறைய பேர் நாலு நாள்ல விட்டுடுறாங்க, தயவுசெஞ்சு விடாதீங்க. வலி மாத்திரை போட்டுட்டு மேட்ச் ஆட விடுறது தப்பு, குதிகால்ல ஸ்டீராய்டு ஊசி யார் சொன்னாலும் வேண்டாம்.

வலி வேற இடம்னா கதையும் வேற. முன்பாதத்துல விரல் வச்சுக் காட்டுற மாதிரி ஒரே எலும்புல வலிச்சா நுண்முறிவா, அதாவது எலும்புல மெல்லிசான விரிசலா இருக்கலாம், அப்போ ஓட்டத்தை உடனே நிறுத்தணும். பாதம் விறைப்பா இருந்து அடிக்கடி சுளுக்கிக்கிட்டா ரெண்டு எலும்பு பிறவிலேயே ஒட்டியிருக்கான்னு பார்க்கணும். ராத்திரி தூக்கத்துல எழுப்புற வலி, காய்ச்சல், வீக்கம், காலை ஊனவே முடியலைன்னா அன்னைக்கே டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க. இதெல்லாம் இல்லாம குதிகால் வலி மட்டும்னாலும், ஒரு மாசம் இப்படிப் பண்ணியும் குறையலைன்னா எலும்பு டாக்டரைப் பாருங்க.