மாமனார் பெயரில் இருக்கும் வீட்டிலிருந்து என்னை விரட்ட முடியுமா?

"பத்திரம் மாமனார் பெயரில், உனக்கு இங்கே என்ன பாத்தியதை?" என்று சொல்லி அடித்து விரட்டுகிறார்கள் என எழுதியிருக்கிறீர்கள். முக்கூடலில் என் சித்தி மகளையும் இதையே சொல்லித்தான் விரட்டினார்கள். இரவில் தார்சாவில் பீடி சுற்றிக்கொண்டிருந்தவளை வெளியே தள்ளிக் கதவைச் சாத்திவிட்டார்கள். விடிகாலை முதல் பஸ்ஸில் பாளையங்கோட்டைக்கு எங்கள் வீட்டுக்கு வந்து நின்றாள். இடுப்பில் பிள்ளை, கையில் பீடிச் சுளகு. மாற்றுத் துணிகூட இல்லை.

உங்களுக்குப் பாத்தியதை இருக்கிறது. 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம், 17-ஆவது பிரிவு. கணவரோடு குடித்தனம் நடத்திய வீட்டில் தங்கியிருக்க, பத்திரத்தில் உங்கள் பெயர் வேண்டியதில்லை. வீடு மாமனார், மாமியாருக்குச் சொந்தமானாலும் இது பொருந்தும் என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. வீடு உங்கள் சொத்தாகிவிடாது. ஆனால் சட்டப்படியான நடவடிக்கை இல்லாமல் யாரும் உங்களை வெளியேற்ற முடியாது. வேறு வீடு பிடித்து வாடகை கட்டும்படி கணவருக்கு உத்தரவிடவும் நடுவருக்கு (மாஜிஸ்திரேட்டுக்கு) அதிகாரம் உண்டு.

எங்களை ஒரு காவல் நிலையத்தில் "குடும்பச் சண்டை, பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்" என்று திருப்பி அனுப்பினார்கள். இன்று நினைத்தாலும் வயிறு எரிகிறது. அப்படிச் சொன்னால் அதோடு திரும்பிவிடாதீர்கள். மாவட்ட சமூக நலத் துறையின் பாதுகாப்பு அலுவலரிடம் போங்கள். அவரே அறிக்கை எழுதி நடுவருக்கு அனுப்புவார். பெண்கள் உதவி எண் 181-க்கு எந்த நேரமும் பேசலாம். வருமானம் எவ்வளவானாலும் பெண்களுக்குச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக வக்கீல் வைத்துத் தரும். புகுந்த ஊருக்குப் போய்த்தான் வழக்குப் போட வேண்டும் என்பதில்லை, இப்போது தங்கியிருக்கும் ஊரிலேயே போடலாம்.

நடுவரிடம் போடும் மனுவோடு, வழக்கு முடியும்வரைக்கான இடைக்கால உத்தரவையும் கட்டாயம் கேளுங்கள். வழக்கை 60 நாளில் முடிக்க முயல வேண்டும் என்று சட்டத்தில் இருக்கிறது. எங்களுக்குப் பல மாதம் இழுத்தது. அதுவரை அவளைக் காப்பாற்றியது இடைக்கால உத்தரவுதான். பாதுகாப்பு உத்தரவை மீறினால் ஓராண்டு வரை சிறை, 20,000 ரூபாய் வரை அபராதம் என்று தெரிந்த பிறகுதான் ஓங்கிய கை இறங்கியது.

போலீஸ் துணையோடு அவள் திரும்பிப் போனபோது பீரோவில் நகை இல்லை. சீதனத்தைத் திருப்பித் தரும்படி அதே மனுவில் கேட்டிருக்கலாம். அவசரத்தில் நாங்கள் விட்டுவிட்டோம். நீங்கள் விடாதீர்கள். நகைக்கடை ரசீது, கல்யாணப் போட்டோ, காயத்துக்கு மருந்து போட்ட ஆஸ்பத்திரிச் சீட்டு மூன்றையும் இன்றே அம்மா வீட்டில் கொண்டுபோய் வையுங்கள்.