கதை தெரிந்தும் மதிப்பெண் வரவில்லையா?

கேள்வி: பி.ஏ. தமிழ் படிக்கிறேன். சிலப்பதிகாரம் தனித்தாள். கதை முழுக்கத் தெரியும். ஆனாலும் பத்து மதிப்பெண் கட்டுரைக்கு நாலுக்கு மேல் வருவதில்லை. 'முக்கிய வினாக்கள்' கைடு வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள். நீங்கள் கதையை மட்டும் எழுதுவதால்தான் மதிப்பெண் குறைகிறது. கைடும் அதே கதையைத்தான் சொல்லும்.

'வழக்குரை காதை வழி அரசநீதியை விளக்குக' என்று, அதாவது கண்ணகி பாண்டியன் அவையில் வழக்காடும் பகுதியிலிருந்து, வினா வந்தால் புகார்த் திருமணத்திலிருந்து தொடங்க வேண்டாம். முதல் ஐந்து நிமிடத்தில் நான்கு அடிகளைக் குறித்துக்கொள்ளுங்கள். 'தேரா மன்னா' (ஆராயாத மன்னனே) என்பது கண்ணகியின் குற்றச்சாட்டு. 'யாமுடைச் சிலம்பு முத்துடை அரியே' (எங்கள் சிலம்பின் பரல் முத்து) என்பது அரசன் தன் வாயால் தரும் சான்று. உடைத்த சிலம்பிலிருந்து மாணிக்கம் தெறித்ததும் அது பொய்த்துப்போகிறது. 'யானோ அரசன் யானே கள்வன்' ஒப்புதல். 'கெடுகவென் ஆயுள்' தண்டனை. அடிக்கு ஒரு பத்தி. அதில் கதைக்கு இரண்டு வரி போதும், மற்றது விளக்கம். 'தேரா மன்னா' என்றவள் உடனே புறாவின் துயர் தீர்த்தவனையும், பசுவின் கண்ணீருக்காக மகனைத் தேர்க்காலில் இட்டவனையும் சொல்கிறாள். சோழநீதியை அளவுகோலாக வைத்துப் பாண்டியனை எடைபோடுகிறாள். திருத்துபவர் தேடுவது இதைத்தான்.

கைடுகளில் இரண்டு தவறுகள் திரும்பத் திரும்ப வருகின்றன. மதுரை எரிவதை வழக்குரை காதையிலேயே சேர்த்துவிடுகிறார்கள். அது அடுத்து வரும் வஞ்சின மாலையில். இன்னொன்று, பழைய உரையாசிரியரை இழுத்து 'அடியார்க்குநல்லார் கூறுவது போல' என்று இந்தக் காதைக்கு அளந்துவிடுவது. இந்தக் காதைக்கு அவர் உரை கிடைக்கவே இல்லை. அருஞ்சொற்களுக்குப் பொருள் சொல்லும் பழைய அரும்பதவுரையையோ ந.மு. வேங்கடசாமி நாட்டார் உரையையோ பாருங்கள். வினாத்தாள் தயாரிப்பவர்களும் பழைய வினாக்களையே திருப்பித் திருப்பிக் கேட்டால் இப்படிப்பட்ட கைடு ஏன் விற்காது? 'சிலம்பு கூறும் மூன்று உண்மைகள்' கேட்கப்படாத ஆண்டு உண்டா?

விளக்கத்தை விடத் தகவலே விடையாகும் இடம் ஒன்று உண்டு: மாதவியின் நடன அரங்கேற்றத்தைச் சொல்லும் அரங்கேற்று காதை. அங்கே அரங்கின் அளவைக் கேட்டால் ஏழு கோல் அகலம், எட்டுக் கோல் நீளம், ஒரு கோல் உயரம், கோல் என்பது இருபத்து நான்கு பெருவிரல் அளவு என்று எண்ணோடு எழுத வேண்டும். ஆடலாசிரியன், இசையாசிரியன், கவிஞன், தண்ணுமை (மத்தளம்) முதல்வன் என்ற வரிசையும் மாறக்கூடாது. அடியார்க்குநல்லார் உரை இதற்குக் கட்டாயம். ஆனால் அதே புகார்க் காண்டத்துக் கானல்வரிக்கு அவர் உரை இல்லை. அங்கே அவர் பெயரை இழுக்காதீர்கள்.

முப்பது காதைக்கும் காதைக்கு ஓர் அடி வீதம் பார்க்காமல் எழுதிப் பழகுங்கள். அடி மறந்துபோனால் பொருளை உரைநடையில் எழுதலாம். சொந்தமாக அடி கட்டி மேற்கோள் குறிக்குள் போடாதீர்கள்; திருத்துபவர் கண்டுபிடித்தால் மற்ற மேற்கோள்களையும் நம்ப மாட்டார்.