அம்பாறை எண்ணிக்கை ஏன் குறைகிறது?

இலங்கையின் 2021 கொரோனாத் தொற்றை மாவட்டவாரியாக வரைபடமாக்கினால் அம்பாறை மட்டும் குறைவாக வருகிறது என்று கேட்டிருந்தீர்கள். உங்கள் கூட்டலில் பிழை இல்லை. மாவட்டங்கள் 25, ஆனால் பிராந்திய சுகாதாரப் பணிமனைகள் 26. கூடுதலான அந்த ஒன்றுதான் கல்முனை. அது அம்பாறை மாவட்டத்திலேயே இருந்தாலும் தனிக் கணக்கு; அக்கரைப்பற்று, சம்மாந்துறை, பொத்துவில் எல்லாம் அதற்குள் வரும். அம்பாறை, கல்முனை இரண்டு பணிமனைகளின் எண்ணிக்கையையும் கூட்டுங்கள்.

மரணக் கணக்கில்தான் இன்னும் கவனம் வேண்டும். மரணம் நடந்த இடத்தில்தான் பதிவு, அதனால் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையிலிருந்து கொண்டுவரப்பட்டு மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் இறந்தவர் நகரக் கணக்கில் நிற்பார், அவருடைய ஊர் வெறுமையாகத் தெரியும். வசிப்பிட முகவரியை வைத்துப் பிரியுங்கள்.

அப்புறம் மட்டக்களப்பு மாவட்டத்து ஓட்டமாவடி. 2021 மார்ச்சிலிருந்து நாடு முழுவதுமிருந்து கொரோனாவால் இறந்தவர்களின் ஜனாஸாக்களை (உடல்களை) அங்கே கொண்டுவந்து அடக்கினார்கள், எத்தனையோ குடும்பங்கள் தவித்துப் போயின. அதைத் தயவுசெய்து அந்தப் பிரதேசத்து மரணங்களாக எண்ணிவிடாதீர்கள்.