லோன் இழுக்கிறது, வீட்டை என்ன செய்வது?

அன்புள்ள தம்பி,

கோட்டையூரில் எங்கள் அப்பச்சி (அப்பா) வழி வந்த வீட்டை 90 லட்சத்துக்குப் பேசி, 10 லட்சம் அட்வான்ஸ் வாங்கினோம். நானும் இரண்டு தம்பிகளும்தான் பங்கு, சின்னவன் சிங்கப்பூரில் இருக்கிறான். வாங்குகிற பையனுக்குச் சென்னையில் வேலை, ஹோம் லோன் போட்டு வாங்குகிறார். ஒப்பந்தத்தைப் பதிந்து மூன்று மாதம் கெடு எழுதினோம். இது ஐந்தாவது மாதம். கேட்டால் "அடுத்த வாரம் ஆச்சி" என்கிறார். இதற்குள் நான் திருச்சியில் ஃபிளாட்டுக்கு முன்பணம் கட்டிவிட்டேன். இப்போது இன்னொருவர் வந்து, முழுப் பணமும் ஒரே தடவையில் தருகிறேன், தூண், நிலை, கதவு எல்லாவற்றையும் பிரித்து எடுத்துக்கொள்வேன் என்கிறார். பழைய ஒப்பந்தத்தை ரத்து செய்துவிடலாமா?

ஓய்வுபெற்ற ஆசிரியை, கோட்டையூர்

*

அன்புள்ள ஆச்சி,

ரத்து செய்யாதீர்கள், இப்போதைக்கு.

அந்தப் பையனிடம் பணம் எப்போது வரும் என்று கேட்பதை விட்டுவிட்டு, ஃபைல் எந்த இடத்தில் நிற்கிறது என்று கேளுங்கள். லோன் சாங்ஷன் ஆகிவிட்டது என்பார். அது பெரும்பாலும் அவருடைய சம்பளத்தைப் பார்த்துக் கொடுத்த கடிதமாக இருக்கும். அதற்கப்புறம்தான் வங்கியின் வக்கீல் நம் பத்திரங்களைப் படிப்பார், வேல்யூவர் வந்து வீட்டை அளப்பார். நம் செட்டிநாட்டு வீடுகள் மாட்டிக்கொள்வது இந்த இரண்டு பேரிடம்தான்.

வக்கீல் கேட்பது குறைந்தது 30 வருஷத் தொடர்ச்சி. பர்மாவிலும் மலேயாவிலும் சம்பாதித்துக் கட்டிய வீட்டை நம் ஆட்கள் யாருக்கும் விற்றதில்லை, வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்தால் பழைய பதிவு ஒன்றும் இருக்காது. பாகம் பிரித்ததை ஐயா (தாத்தா) காலத்தில் ஒரு தாளில் எழுதிப் பெட்டகத்தில் வைத்ததோடு சரி. அதனால் சொத்து யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்று காட்ட வக்கீலுக்கு ஒன்றும் கிடைக்காது.

பள்ளத்தூரில் எங்கள் பங்கை விற்க எனக்கு ஏழு மாதம் ஆனது. மலேசியாவில் இறந்துபோன பெரியப்பச்சிக்கு (பெரியப்பாவுக்கு) வாரிசுச் சான்றிதழ் இல்லை என்று வக்கீல் எழுதி வைத்திருந்தார், அது வாங்குகிறவருக்கும் தெரியாது எனக்கும் தெரியாது, நாங்கள் இரண்டு பேரும் ஒருவரையொருவர் சந்தேகப்பட்டுக்கொண்டு நாலு மாதத்தைக் கழித்தோம். கடைசியில் அவரையும் கூட்டிக்கொண்டு அந்தக் கிளைக்குப் போய், என்னென்ன குறைகிறது என்று ஒரு தாளில் எழுதி வாங்கினேன். அன்றைக்குத்தான் ஃபைல் நகர்ந்தது. நீங்களும் இதைச் செய்யுங்கள். அப்பச்சியின் இறப்புச் சான்று, வாரிசுச் சான்றிதழ், உங்கள் மூன்று பேர் பெயரிலும் பட்டா, இந்த வருஷத்து வீட்டு வரி ரசீது இருக்கிறதா என்று பாருங்கள். சின்னத் தம்பி கையெழுத்துப் போட வர முடியாது என்றால், அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் சான்று பெற்றுப் பவர் பத்திரம் அனுப்பச் சொல்லுங்கள். அது இங்கே வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும், அதை மறந்து தவிக்கிறவர்கள் நிறைய.

அடுத்தது வேல்யூவர். பர்மா தேக்கும் ஆத்தங்குடிக் கல்லும் நமக்குத்தான் உசத்தி, அவர் மனைக்கு ஒரு விலை போட்டு, கட்டடத்துக்கு வயதைக் கழித்துவிடுவார். நீங்கள் 90 லட்சம் பேசிய வீட்டுக்கு அவர் 70 லட்சம் போட்டார் என்று வையுங்கள். 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையிலான கடனுக்கு வங்கி மதிப்பில் 80 சதவீதம் வரைதான் தரலாம், அதாவது 56 லட்சம். உங்களிடம் தந்த 10 லட்சம் போக இன்னும் 24 லட்சத்தைப் பையன் கையிலிருந்து போட வேண்டும், முத்திரைக்கும் பதிவுக்கும் 9 சதவீதம் தனி. "அடுத்த வாரம்" என்று அவர் சொல்வதற்கு இதுகூடக் காரணமாக இருக்கலாம், வெட்கப்பட்டுச் சொல்லாமல் இருப்பார். கோபப்படாமல் நேராகக் கேட்டுவிடுங்கள். மீதியை அவரால் புரட்டவே முடியாது என்றால், அது இன்றைக்கே தெரிந்துவிடுவது இரண்டு பேருக்கும் நல்லது.

முடியும் என்றால் 45 நாள் நீட்டித்து எழுதுங்கள், வாயால் சொல்ல வேண்டாம். நீட்டிப்புக்காக இன்னும் ஐந்து லட்சம் அட்வான்ஸ் கேளுங்கள், கெடு தாண்டினால் எவ்வளவு பிடித்துக்கொள்வீர்கள் என்பதையும் அதிலேயே எழுதுங்கள். நிலம், வீடு விஷயத்தில் கெடு தேதி தாண்டியதாலேயே ஒப்பந்தம் செத்துவிட்டது என்று கோர்ட் சாதாரணமாக எடுத்துக்கொள்வதில்லை, அவர் மூன்று வருஷத்துக்குள் வழக்குப் போடலாம். உங்கள் ஒப்பந்தம் பதிந்தது, வில்லங்கத்தில் தெரியும். இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டு ரத்துப் பத்திரம் பதியாமல் இன்னொருவரிடம் கைநீட்டிப் பணம் வாங்கிவிடாதீர்கள்.

அசல் பத்திரங்களை வக்கீலுக்குக் காட்டுங்கள், கொடுத்துவிட்டு வராதீர்கள். சாவியும் அப்படித்தான், டிடி கைக்கு வந்து கிரயம் பதிந்த பிறகுதான். விலை 50 லட்சத்துக்கு மேல் என்பதால் உங்கள் பங்கிலும் இங்குள்ள தம்பியின் பங்கிலும் வாங்குகிறவர் 1 சதவீதம் வரி பிடித்துக்கொண்டுதான் தருவார், வெளிநாட்டில் இருக்கிற சின்னத் தம்பியின் பங்கில் அதைவிட அதிகமாகப் பிடிக்க வேண்டியிருக்கும், பணம் குறைகிறதே என்று அன்றைக்குப் பதறாதீர்கள்.

திருச்சி ஃபிளாட்டுக்கு வட்டிக்கு வாங்கிக் கட்ட வேண்டாம். பில்டரிடம் ஒப்பந்தத்தைக் காட்டி இரண்டு மாதம் கேளுங்கள். தரமாட்டேன் என்றால் அந்த முன்பணத்தில் கொஞ்சம் போனாலும் போகட்டும், மாத வட்டியில் மாட்டினால் அந்த அவசரத்திலேயே வீட்டைக் குறைத்துக் கொடுத்துவிடுவீர்கள்.

பிரித்து எடுக்கிறேன் என்கிறவரைப் பற்றி. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் நம் வீடுகளின் தூணும் நிலையும் சாய்த்து வைத்திருப்பதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். யாருடைய கஷ்டமோ, நான் குறை சொல்லவில்லை. ஆனால் உங்களுக்கு வாசலில் ஒருவர் நிற்கிறார், அந்த வீட்டில் குடியிருக்க ஆசைப்பட்டு லோனுக்கு அலைகிறார். அவருக்கு இன்னும் 45 நாள் கொடுக்கலாம் ஆச்சி. அதுவரை மற்றவரை வாசல் முகப்போடு பேசி அனுப்பிவிடுங்கள், உள்முற்றத்து வளவுக்குள் கூட்டிப்போய்த் தூணைத் தட்டிப் பார்க்க விடாதீர்கள்.